வெள்ளிக்கிழமை நின்றுபோகும் பொட்டி

திருபுவனையில் நாங்கள் வேலை பார்க்கிற மாத்திரைக் கம்பெனியில், ஆயுத பூசை முடிந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் லேபிள் மெஷின் நின்றுபோய்க்கொண்டிருந்தது. பத்து மணி வாக்கில் நிற்கும். பத்தே முக்காலுக்குத் தானாக ஓடும். லேபிள் ஒட்டாத பெட்டியை லாரியில் ஏற்றக் கூடாது. அதனால் லோடு ஏற்றுகிற ஆட்கள் ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். மெஷின் ஓடத் தொடங்கியதும், நின்ற நேரத்துக்கும் சேர்த்து எங்கள் முதுகில் ஏற்றுவார்கள்.

நாலு வெள்ளிக்கிழமை இப்படிப் போன பிறகு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். காரணம், என் தங்கச்சி உஷாராணியின் மாப்புக் கட்டை.

உஷா என் சித்தப்பன் மகள். பதினோரு வருசமாக அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்டில் தரை துடைக்கிறாள். கண்டுபிடித்தவன் தணிகைவேல். கம்ப்யூட்டர், வயர், கேமரா எல்லாவற்றுக்கும் அவன்தான் இன்சார்ஜ். பாகூர் ஏரிக்குக் கீழே பதினாலு காணி நஞ்சை வைத்திருக்கிறவர் மகன். காசு கட்டிப் படித்தவன். வயரைத் தொட்டால் கையில் தூசி ஒட்டும் என்று வயரைத் தொட மாட்டான். தொடுவதற்கு ஒரு ஆளை வைத்திருந்தான். அந்த ஆள் பாக்யராஜ், கேபிள் காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிறவன். ஏணியில் ஏறுவது, கூரைக்குள் எலிப் புழுக்கை மேல் படுத்து வயர் இழுப்பது, வயர் முனையில் பிளக்கைக் கடித்து மாட்டுவது எல்லாம் பாக்யராஜ்.

பாக்யராஜ் உஷாராணியின் புருசன்.

இது தணிகைவேலுக்குத் தெரியாது. எட்டு வருசமாக ரெண்டு பேரும் பண்டசோழநல்லூரிலிருந்து ஒரே பைக்கில் வந்து ஒரே கேட்டில் இறங்குகிறார்கள். அவளுக்கு நீலச் சட்டை, அவனுக்குக் காக்கிச் சட்டை. சட்டையைப் பார்க்கிறவனுக்கு உள்ளே இருக்கிற ஆள் யாருக்கு யார் என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நாங்களும் சொல்லவில்லை. கேட்காதவனிடம் போய் உறவுமுறை சொல்வது எங்கள் வழக்கம் கிடையாது.

அந்த சர்வர் ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கதவு, உள்ளே மார்கழிக் குளிர். ஆள் உயர இரும்பு அலமாரியில் அடுக்கடுக்காக மெஷின்கள். அதில் ஒன்று சர்வர், இன்னொன்று ஸ்டோரேஜ் பொட்டி. எல்லா வயரும் வந்து மாட்டுகிற, வரிசையாக ஓட்டை வைத்த பலகைக்கு சுவிட்ச் என்று பேர். எந்த மாத்திரை, எந்த நாள் போட்டது, எந்த லாரியில் போகிறது, எல்லாக் கணக்கும் பொட்டிக்குள் இருக்கிறது. சர்வர் கேட்கும், பொட்டி கொடுக்கும், லேபிள் அச்சாகும். இந்த ரெண்டுக்கும் பேச்சு நின்றால் லேபிளும் நிற்கும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். தணிகைவேலுக்கும் இதற்கு மேல் ரொம்பத் தெரியாது என்பது பிறகு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அந்த ரூமில் பூசை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் தீபாராதனை முடியணும். ஒன்பதரைக்கு உஷா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் துடைக்கணும். துடைத்து முடித்ததும் வெளியே வந்துவிடணும். பிறகு தணிகைவேல் தட்டோடு வருவான். மேலே புகை பட்டால் கத்துகிற கருவி இருக்கிறது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி வாயைக் கட்டுவான். ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், சாம்பிராணி. ஆயுத பூசையிலிருந்து புதுசாக ஒன்று சேர்ந்தது: சென்னையில் இருக்கிற பெரிய முதலாளியின் அம்மா வீட்டில் உட்கார்ந்தபடியே கும்பிட வேண்டும் என்று, இவன் போனைத் தூக்கிப் பிடித்துத் தீபாராதனையைப் படம் காட்டினான். உஷா கண்ணாடிக்கு வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். துடைத்தவளுக்குச் சுண்டல்கூட உள்ளேயிருந்து வராது.

பொட்டியை விற்ற சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டதில், "சர்வரும் பொட்டியும் பேசுவதை அப்படியே பிடித்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்றார்களாம். எப்படிப் பிடிப்பது என்று தணிகைவேலுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. பாக்யராஜைக் கூப்பிட்டான்.

"டேய், ஒரு லேப்டாப்பை அந்த சுவிட்ச்ல மாட்டி டிராஃபிக்கைப் புடி. சின்ன வேலை."

சின்ன வேலை என்றால் பெரியவர்களுக்குச் செய்யத் தெரியாத வேலை என்று அர்த்தம்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை பாக்யராஜ் மாட்டினான். அன்றைக்கும் பத்து மணிக்கு மெஷின் நின்றது. பிடித்ததைத் திறந்து பார்த்தால் எல்லாம் குருணை. பெரிசாக ஒன்றுகூட இல்லை. தணிகைவேல் தூரத்தில் நின்றபடி திரையைப் பார்த்தான்.

"பாத்தியா? டேட்டாவே போகல. வயர் கழண்டிருக்கு. ஒன்பதரைக்கு அந்தப் பொம்பளை தொடைக்குது, பத்து மணிக்கு நிக்குது. இதுக்கு மேல இன்னா புரூப் வேணும்?"

மதியம் சோற்று நேரத்தில் எச்.ஆர். கல்பனா மேடம் உஷாவைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தரணுமாம். உஷா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக லோடு ஏற்றுகிற இடத்துக்கு வந்தாள்.

"அண்ணே, இத்தப் படி."

நான் எழுத்துக் கற்றது என் மகள் ரெண்டாம் கிளாஸ் போனபோது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து. இங்கிலீஷ் எழுத்து, அட்டைப்பெட்டியில் இருக்கிற நம்பரைப் பார்த்துப் பார்த்து வந்தது. வேகம் கிடையாது. ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கி வைத்தேன்.

"உஷாராணி ஆகிய நான், சர்வர் அறையைச் சுத்தம் செய்யும்போது, என் கவனக்குறைவால் வயரை இழுத்துவிட்டேன். இதனால் உற்பத்தி தடைப்பட்டது. இதற்கு நானே முழுப் பொறுப்பு."

"இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"நான் இழுத்தன்னு நானே சொல்ற மாதிரி எழுதிக்கீறாங்களா?"

"ஆமா."

"கெட்டிக்காரங்கதான்" என்றாள்.

அந்த மாதம் காண்ட்ராக்ட் ஆட்களில் எட்டுப் பேரைக் கம்பெனி ஆளாக எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பட்டியலில் உஷா பேர் இருக்கிறது என்று ஆபீஸ் ஆள் ஒருவர் காதில் போட்டிருந்தார். பதினோரு வருசத்துக்கு அது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டால் பேரை அடிப்பார்கள். போடாவிட்டால் திங்கட்கிழமை கேட்டிலேயே நிறுத்துவார்கள். ரெண்டு வழியும் வாசலுக்கு வெளியேதான் போனது.

அன்றைக்குச் சாயங்காலம் நானும் அவர்கள் பைக்கிலேயே ஏறிக்கொண்டேன், வழியில் மழை பிடித்துக்கொண்டது. மங்கலம் தாண்டினதும் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. வில்லியனூரிலிருந்து வந்த பஸ் எங்கள் மேல் சேற்றைப் பூசிவிட்டுப் போனது. பண்டசோழநல்லூரில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடவுக் கழனியிலிருந்து வந்தவர்கள் மாதிரி இருந்தோம். உஷா தலையைத் துவட்டாமலே அடுப்பைப் பற்ற வைத்தாள். நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு. காலையில் வடித்த சோறு. கருவாட்டை வெந்நீரில் போட்டு அலசுகிற சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

"அந்த வயரு மேலேர்ந்து வருது. மாப்பு கீழ போவுது. மேல இருக்கறத கீழ இருக்கறது எப்புடி இழுக்கும்? இது தெரியறதுக்குப் படிக்கணுமா?" என்றாள்.

"அது தெரியாம இருக்கறதுக்குத்தான் படிக்கறாங்க" என்றேன் நான்.

பாக்யராஜ் கண்ணாடி உடைந்த போனை முகத்துக்குக் கிட்டத்தில் வைத்து எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாப்ள, பொண்டாட்டி வேல போவுது, நீ படம் பாத்துக்கினு கீற?"

"மச்சான், ஒண்ணு சொல்லு. மெஷின் பத்து மணிக்குத்தான நின்னுச்சி? நான் ஒம்போதுக்கே மாட்டிட்டன். அந்த ஒரு மணி நேரம் லேபிள் ஓடிக்கினுதான இருந்திச்சி?"

"ஓடிச்சி. நான் நாப்பது பெட்டி ஏத்தனன்."

"அந்த நேரத்துலயும் பெருசு ஒண்ணுகூட மாட்டல. வெறும் குருணதான். அப்ப இன்னா அர்த்தம்?"

நான் யோசித்தேன். அவனே சொன்னான்.

"பேச்சு இல்லாம இல்ல. பேச்சு நடந்துக்கினுதான் இருந்திச்சி. என் காதுதான் அடச்சிருந்திச்சி."

"அத்த அந்த ஆளாண்ட சொல்றதுதான?" என்றாள் உஷா.

"சொன்னா, 'நீ எந்தக் காலேஜ்'னு கேப்பான்."

எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினான். லேப்டாப்பில் வயர் மாட்டுகிற இடத்துக்கு அடாப்டர் என்று பேர். அது லேப்டாப்பின் வாசற்படி மாதிரி. சாதாரணமாக ஆயிரத்தைந்நூறு அளவுக்கு மேல் பெரிசான மூட்டையை உள்ளே விடாது. ஸ்டோரேஜ் பொட்டியோ சீக்கிரம் வேலை முடியட்டும் என்று ஒன்பதாயிரம் அளவில் பெரிய பெரிய மூட்டையாகக் கட்டி அனுப்புகிறது.

"உள்ள வுடலன்னா திருப்பி அனுப்பிடுமா?"

"அனுப்பாது மச்சான். சத்தமில்லாம கீழ போட்டுரும். வந்துச்சின்னுகூட சொல்லாது."

"நம்ம எழுதிக் குடுக்கற மனு மாதிரி."

அப்போதுதான் உஷா சிரித்தாள். அந்த வாரத்தில் அது ஒன்றுதான்.

"வாசப்படியை ஒசத்தணும். அடாப்டருக்குள்ள ஒரு பக்கம் கீது, அதுல ஜம்போ பாக்கெட்டுன்னு போட்டிருக்கும். அது மூடிக் கிடக்குது. தொறந்து ஒம்போதாயிரத்துப் பதினாலு வைக்கணும். போனைக் கேட்டுலயே வாங்கி வச்சிக்கறானுங்க, உள்ள போயி பாக்க முடியாது. நீ எழுது மச்சான்."

நான் எழுந்து போய், மூலையில் கிடந்த மாத்திரைப் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையாக அவன் சொல்லச் சொல்ல, இங்கிலீஷ் எழுத்தைப் பெட்டி நம்பர் எழுதுகிற மாதிரி தனித்தனியாக.

"அப்பறம் அதுக்கு வெலாசமே இருக்கக் கூடாது. டிக்கு அடிச்சிருக்கும், எடுத்துரணும்."

"வெலாசம் இல்லன்னா எப்புடி?"

"வெலாசம் இருந்தா அதுவும் நடுவுல பேச ஆரம்பிச்சிரும். நீ யாரு, நான் இங்கதான் கீறன்னு கத்தும். ஒட்டுக் கேக்கப் போன எடத்துல வாயத் தொறக்கலாமா? அது மட்டுமில்ல, வேற யாருக்கோ போற பேச்சையும் காதுல வாங்கிக்கணும். நமக்கில்லன்னு தள்ளக் கூடாது."

"எழவு வூட்டுல ஒக்காந்துகினு இருக்கற மாதிரி" என்றேன்.

"அதேதான். அப்பறம் கரண்டு மிச்சம் புடிக்கறன்னு அது அப்பப்ப தூங்கும். தூங்கக் கூடாதுன்னு வைக்கணும்."

உஷா சட்டியை இறக்கி வைத்தாள். "இன்னாங்க, பூசை நேரத்துல அந்த ஆளு..." என்று ஆரம்பித்தாள்.

"செத்த இரு உஷா, மறந்துரப் போறன்" என்றான் அவன்.

"இல்ல, அந்த அலமாரியில கீற..."

"சோத்தப் போடு தங்கச்சி, எழுதி முடிச்சிர்றம்" என்றேன் நான்.

அவள் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தட்டைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தாள். குழம்பு தரையில் சிந்தியது. அதைத் துடைக்கவில்லை. நாங்கள் அட்டையையே பார்த்துக்கொண்டு தின்றோம். அவள் ஏன் தின்னவில்லை என்று கேட்க ஆள் இல்லை.

ஆறாவது வெள்ளிக்கிழமை. முதல் தடவை பிடித்தது உதவாது, திரும்பப் பிடித்து அனுப்புங்கள் என்று சென்னையிலிருந்து எழுதியிருந்தார்களாம். அதனால் தணிகைவேல் தடுக்கவில்லை. பாக்யராஜ் அட்டையைச் சோற்றுப் பைக்குள் மறைத்து எடுத்துப் போனான். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ஊட்டு லிஸ்ட்டா?" என்று விட்டுவிட்டான். ஒன்பது மணிக்கு மாட்டினான். ஒன்பதரைக்கு உஷா துடைத்தாள். பெண்சாதி தரையில் குனிந்து துடைக்கிறாள், புருசன் அலமாரிக்குப் பின்னால் குந்தியிருக்கிறான். ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பூசை நேரத்துக்குப் பாக்யராஜை வேறு வேலைக்கு விரட்டிவிட்டு, லேப்டாப்பை மட்டும் ஓடவிட்டான் தணிகைவேல். பூசை நடந்தது. பத்து மணிக்கு மெஷின் நின்றது. வெளியே நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

சோற்று நேரத்தில் பாக்யராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கேன்டீன் சாம்பாரில் முள்ளங்கி ஒன்று தனியாக மிதந்தது.

"மாட்டிச்சா?"

"பெருசு பெருசா மாட்டிச்சி மச்சான். ஒம்போதாயிரம், ஒம்போதாயிரமா. ஒம்போது அம்பத்தாறு வரைக்கும் நல்லாப் பேசிக்கினு இருக்குதுங்க. அதுக்கப்பறம் சர்வர் கேக்குது, பொட்டி பதில் சொல்ல மாட்டன்னுது. வயர் கழலல. கழண்டா சுத்தமா நின்னுரும். இது அப்படி இல்ல. சர்வர் வேற யாராண்டயோ போயி கேட்டுக்கினு கீது."

"யாராண்ட?"

"அதான் தெரியல."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு உஷாவை சர்வர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். கல்பனா மேடம் பேனாவோடு நின்றார். உஷா தாளை எடுத்து நீட்டினாள்.

"எங்க அண்ணன் வந்து படிச்சாத்தான் போடுவன் மேடம். எனக்குப் படிக்கத் தெரியாது."

என்னைக் கூட்டி வந்தார்கள். வேர்வைச் சட்டையோடு அந்தக் குளிருக்குள் போனதும் முதுகு விறைத்தது. தணிகைவேல் மூக்கைச் சுளித்தான். பாக்யராஜ் அலமாரி ஓரம் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேசை மேல் இருந்த லேண்ட்லைன் போன் ஸ்பீக்கரில் வைக்கப்பட்டிருந்தது. சென்னைக் கம்பெனியிலிருந்து வெண்ணிலா என்று ஒரு பெண் பேசினாள்.

"சார், இந்தத் தடவை கேப்ச்சர் ரொம்பச் சுத்தமா இருக்கு. ஜம்போ எல்லாம் முழுசா வந்திருக்கு. அடாப்டரை யாரு செட் பண்ணது?"

"நம்ம டீம்தான்" என்றான் தணிகைவேல்.

டீம் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வயர்ல ஒரு பிரச்சினையும் இல்ல சார். ஒன்பது ஐம்பத்தாறுக்கு உங்க நெட்வொர்க்ல புதுசா ஒரு மெஷின் வருது. ஸ்டோரேஜோட அட்ரஸ் என்னவோ, அதே அட்ரஸை அதுவும் 'என்னுது'ன்னு சொல்லுது. சர்வர் அதை நம்பி அது பக்கம் போயிடுது. பத்து நாற்பதுக்கு அந்த மெஷின் போயிடுது, எல்லாம் சரியாயிடுது."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் ஊர் நூறுநாள் வேலையில் ஒரு பேரைக் கூப்பிட்டால் ரெண்டு பேர் கை தூக்குவார்கள். மேஸ்திரி முன்னால் நிற்கிறவனுக்கு மண்வெட்டியைக் கொடுத்துவிடுவார். வேலை தெரிந்தவன் பின்னால் நின்றுகொண்டிருப்பான்.

"அப்படி ஒரு மெஷினே இங்க இல்லியே" என்றான் தணிகைவேல்.

"இருக்கு சார். ஒவ்வொரு மெஷினுக்கும் பிறப்பு நம்பர் ஒண்ணு உண்டு. இதோடது எங்கிட்ட இருக்கு. அடியில ஸ்டிக்கர்ல இருக்கும், தேடிப் பாருங்க."

"நான் இந்த ரூமை ஏழு வருசமா பாத்துக்கறேன்மா. எனக்குத் தெரியாம இங்க எதுவும் இல்ல."

கல்பனா மேடம் மணிக்கட்டைப் பார்த்தார். பேனாவை உஷா பக்கம் நீட்டினார். "அதை அப்புறம் பாத்துக்கலாம். நீ முதல்ல..."

உஷா பேனாவை வாங்கவில்லை.

"ரெண்டு கொம்பு வச்ச பொட்டி ஒண்ணு கீதே சார்" என்றாள்.

மேடம் பேனாவை இறக்கினார்.

"எந்தப் பொட்டி?" என்றார் மேடம்.

"பூசை அலமாரியில கீற பொட்டி மேடம். வெள்ளிக்கெழமையானா சார் அத்த எடுத்து இதுல ஒரு ஓட்டையில மாட்டுவாரு. இந்த ரூம்ல செல்போனுக்கு டவர் எடுக்காதாமே, அதுக்குத்தான். மாட்டிட்டுத்தான் மொதலாளி வூட்டுப் பெரியம்மாவுக்குப் பூசை காட்டுவாரு. முடிஞ்சா புடுங்கி, சூடத் தட்டோட உள்ள வச்சிருவாரு. ஆயுத பூசையிலேர்ந்து வைக்கறாரு. அலமாரியத் தொடைக்கறவ நான், எனக்குத் தெரியாதா?"

பிறகு என் பக்கமும் பாக்யராஜ் பக்கமும் திரும்பினாள். "அன்னிக்கே சொல்ல வந்தன். நீங்க ரெண்டு பேரும் வாசப்படி வாசப்படின்னு பேசிக்கினு இருந்தீங்க."

நான் தரையைப் பார்த்தேன். நன்றாகத் துடைத்திருந்தாள்.

மேடம் அவரே போய் அலமாரியைத் திறந்தார். எண்ணெய்க் கிண்ணத்துக்கும் ஊதுபத்திக் கட்டுக்கும் நடுவில் மஞ்சள் துணி விரித்து, அதன் மேல் வீட்டில் வைஃபைக்கு வைக்கிற பொட்டி. நெற்றியில் சந்தனம், குங்குமம். ரெண்டு கொம்பிலும் பூ சுற்றியிருந்தது. அவன் வீட்டில் சும்மா கிடந்ததைக் கொண்டுவந்திருக்கிறான். கடையில் வாங்கியபோது அதற்கு என்ன அட்ரஸ் இருந்ததோ அதே அட்ரஸைத்தான் ஸ்டோரேஜ் பொட்டிக்கும் வைத்திருக்கிறான்.

"அடியில இருக்கற நம்பரைப் படிங்க சார்" என்றாள் போனில் வெண்ணிலா.

தணிகைவேல் புரட்டிப் பார்த்தான். "எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு. அழிஞ்சிருக்கு."

மேடம் வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கையில் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. நான் கையை நீட்டினேன். அட்டைப்பெட்டியில் அதைவிடப் பொடியான நம்பரை நாள் முழுக்கப் படிக்கிறவன் நான். தோளில் கிடந்த துண்டால் அடியில் வழிந்திருந்த எண்ணெயையும் குங்குமத்தையும் துடைத்தேன். அப்படியும் போகவில்லை, நகத்தால் சுரண்டினேன்.

"சி, எட்டு" என்றேன்.

"ஆமா" என்றாள் அந்தப் பெண்.

"மூணு, ஏ."

"ஆமா."

"மூணு, அஞ்சு."

"ஆமா."

நாலாவது ஜோடி வந்தபோது தணிகைவேல் புகைக் கருவியைப் பார்த்தபடி நின்றான். வெள்ளிக்கிழமை கட்டிய பிளாஸ்டிக் பை அதன் வாயில் இன்னும் அப்படியே இருந்தது. ஆறு ஜோடியும் படித்து முடித்தேன். ஆறுக்கும் ஆமா என்றாள்.

"அதேதான் சார். அதை எடுத்துட்டாப் போதும். வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்று போனை வைத்துவிட்டாள்.

மேடம் பெரிய முதலாளியின் அம்மாவை நினைத்துப் பார்த்திருப்பார் போல. குரல் மாறிவிட்டது.

"சரி, இது சிஸ்டம் இஷ்யூ. யாரையும் சொல்ல முடியாது. இதோட விட்டுடலாம்."

மாப்பு என்றால் ஆள் உண்டு. கொம்பு வைத்த பொட்டி என்றால் ஆள் கிடையாது, சிஸ்டம்.

"மேடம், அப்ப என் சம்சாரம் கையெழுத்துப் போட வேணாம்ல?" என்றான் பாக்யராஜ்.

"யாரு சம்சாரம்?" என்றான் தணிகைவேல்.

பாக்யராஜ் லேப்டாப்பை மூடி, வயரைக் கழற்றி, சுருட்டி, ஆணியில் மாட்டினான். எட்டு வருசமாக மாட்டுகிற அதே ஆணி.

"அந்த லெட்டரைக் குடும்மா" என்று மேடம் கையை நீட்டினார்.

"இருக்கட்டும் மேடம், எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் உஷா. மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அது இப்போது அவர்கள் வீட்டில் ரேஷன் கார்டு வைத்திருக்கிற பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. கையெழுத்து இடம் வெறுமையாக.

செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில், பொட்டி ஏன் நின்றது என்பதைத் தணிகைவேலும் அவன் டீமும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக் கைதட்டினார்களாம். புதன்கிழமை பட்டியலை ஒட்டினார்கள். அஞ்சாவதாக உஷாராணி. நான் ரெண்டு தடவை படித்துக் காட்டினேன். அவள் மூன்றாவது தடவையும் கேட்டாள். பட்டியலில் வராத காண்ட்ராக்ட் ஆட்கள் இன்னும் அறுபது பேர் இருக்கிறோம். நானும் அதில் ஒருத்தன். என்னையும் பாக்யராஜையும் எந்த டீமிலும் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பெரியம்மா பூசை பார்க்காமல் இருக்க முடியுமா? அதற்கென்று புதுசாகத் தனி லைன் இழுக்கச் சொன்னதால், பாக்யராஜ் வியாழன் முழுக்கக் கூரைக்குள் படுத்துக் கிடந்தான். ஒன்பதரைக்கு உஷா செருப்பைக் கழற்றிவிட்டுத் துடைத்தாள். பதினோரு வருசத்தில் முதல் தடவையாகத் துடைத்து முடித்தும் வெளியே வரவில்லை. கதவுக்குள்ளே மாப்பை ஊன்றி நின்றாள்.

நான் லேபிள் சுருள் கொண்டுபோய் வைக்கப் போனவன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன்.

தணிகைவேல் தட்டோடு வந்தான். எலுமிச்சம்பழம், சூடம், பூ. தட்டுக்கு அடியில் ஏதோ ஒன்று துணியில் சுற்றி இருந்தது.

"அது இன்னா சார்?" என்றாள்.

"ஸ்பீக்கர்மா. பாட்டுக்கு."

"வயர் மாட்டறதா?"

"இல்ல, மாட்டறது இல்ல."

அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். கொம்பு இல்லை. வயரும் இல்லை. வழிவிட்டாள். அவன் உள்ளே போய்த் தட்டை வைத்தான். திரும்பி, ஏதோ நல்லது சொல்லணும் என்று தோன்றியிருக்கிறது அவனுக்கு. படித்தவர்களுக்கு அது எப்போதாவது தோன்றும். சுண்டல் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டிக்கொண்டே கேட்டான்.

"ஆமா, உன் பேரு இன்னாம்மா?"

உஷா சுண்டலை வாங்கிக்கொண்டாள். மாப்பைத் தோளில் சாய்த்தாள்.

"கடுதாசியில எழுதியிருந்தீங்களே சார்" என்றாள்.